தசமபாகம் யாருக்கு? காலனி வீட்டின் வரவு செலவும் நம் விசுவாசமும்

பயிற்சி முகாம்களில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இடஒதுக்கீடு, பஞ்சமி நிலம் என்று பேசி முடித்த பிறகு, சாப்பாட்டு வரிசையில் சில மாணவர்கள் எங்கள் பக்கத்தில் வந்து நிற்பார்கள். அவர்கள் கேட்பது வேறு. "முதல் சம்பளம் வரப்போகுது. முதற்பலன்னு முழுசையும் சபையில் வைக்கணும்னு அம்மா சொல்றாங்க. வீட்ல குழுக் கடன் மூணு இருக்கு. என்ன பண்றது?" ஒரு வருடத்தில் இப்படி நான்கைந்து பேராவது கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுவதே இந்தக் கட்டுரை.

நாங்கள் இருவர். ஒருவர் சமூகப் பணியாளர், மற்றவர் செவிலியர். செங்கல்பட்டு மாவட்டத்துக் காலனி ஒன்றில் பிறந்து, அங்கிருக்கும் சிறிய சபையில் ஞானஸ்நானம் பெற்று, அங்கேயே திருமணம் செய்துகொண்டவர்கள். எங்கள் முற்போக்குத் தோழர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால், "மதத்தை விட்டுத் தொலையுங்க, காசு மிச்சம்" என்பார்கள். சபையில் எடுத்தால், "ஆண்டவர் காரியத்தில் கணக்குப் பார்க்காதீங்க" என்பார்கள். இரண்டு பதிலும் ஒரு தலித் கிறித்தவ வீட்டின் மளிகைச் சீட்டைப் பார்க்காமல் சொல்லும் பதில்கள்தான்.

கடன் என்பது நமக்கு வெறும் பணம் அல்ல

நம் வீடுகளில் பணத்தைப் பற்றிய பேச்சு வரவிலிருந்து தொடங்குவதில்லை. கடனிலிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் கொள்ளுத்தாத்தா படியாளாக இருந்தவர். கல்யாணத்துக்கு வாங்கிய சிறு தொகைக்காக ஆண்டையின் நிலத்தில் உழைத்துக்கொண்டே இருந்தார். அவர் இறந்த பிறகு அந்தக் கடன் மகனின் தோளுக்கு மாறியது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையில் நிலமின்மையும் கடனும் அடிமைத்தனமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைப் பார்க்கலாம். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் அதே காலத்தில் இந்தப் பகுதியில் நம் மக்களுக்காக நிலம் கேட்டுப் போராடினார்கள். நம் முன்னோர் பலர் சபைக்குள் வந்ததற்குச் சுவிசேஷத்தோடு இந்த நிலக் கேள்வியும் ஒரு காரணம். இதைச் சொன்னால் "அரிசிக் கிறித்தவர்கள்" என்று ஏளனம் செய்பவர்கள் உண்டு. ஆண்டையிடமிருந்து விடுபட நினைத்தவன் வயிற்றையும் ஆன்மாவையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஒரு நாளும் படியாளாக இருந்ததில்லை.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. கடன் வேறு உருவத்தில் வந்துகொண்டிருக்கிறது. தண்டல்காரர் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500ஐக் கையில் கொடுப்பார். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்த்தால் 1,500 ரூபாய்தான் வட்டி. ஆனால் கையிலிருக்கும் பணம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் அது நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. 50,000 ரூபாயை 12 சதவீத 'பிளாட்' வட்டிக்கு இரண்டு வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 2,583. அசல் குறையக் குறைய வட்டியைக் கணக்கிட்டுப் பார்த்தால் அது உண்மையில் 21, 22 சதவீதம். இந்தக் கணக்கை நம் அம்மாக்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. வங்கியும் சொல்வதில்லை, பிரசங்க பீடமும் சொல்வதில்லை.

வேதாகமம் இதைச் சொல்லாமல் விடவில்லை. ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே என்கிறது யாத்திராகமம். ஏழாம் வருடத்தில் கடனை விட்டுவிடச் சொல்கிறது உபாகமம். ஐம்பதாம் வருடமான யூபிலியில் நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்கிறது லேவியராகமம். நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். வயலை அடகு வைத்து, பிள்ளைகளை அடிமையாக விட்டுக் கதறும் ஜனங்களும், வட்டி வாங்கிய பெரிய மனிதர்களைக் கூட்டம் கூட்டி நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் ஒரு நிர்வாகியும் அதில் வருகிறார்கள். எங்கள் சபையில் நெகேமியா என்றால் மதில் கட்டியவர். புதிய கட்டட நிதி வசூலிக்கும்போது மட்டும் அவர் பெயர் வரும். கடனைத் தள்ளுபடி செய்யவைத்த நெகேமியாவைப் பற்றி ஒரு பிரசங்கமும் நாங்கள் கேட்டதில்லை.

அரசு போடும் விலை

நம் பணக்கணக்கில் இன்னொரு செலவும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இல்லாதவரைப் பட்டியல் சாதியினர் என்று கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் நாம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். மாநில அரசு கல்வி உதவித்தொகையைக் கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் தருகிறது. ஆனால் பட்டியல் சாதிக்கான வேலை ஒதுக்கீடும் தனித் தொகுதியும் நமக்கு இல்லை. சாதியின் பேரால் நம்மை அடித்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்கு வராது.

இது சில்லறைக் காசு வரைக்கும் இறங்கி வரும். சூசை வழக்கை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சூசை சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர். அப்படி உட்கார்ந்து தொழில் செய்யும் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாக பங்க் கடை கொடுத்தது. பக்கத்தில் அதே தொழில் செய்தவருக்குக் கிடைத்தது, கிறித்தவர் என்பதால் சூசைக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் காட்டப்படவில்லை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த செல்வராணி வழக்கிலும், சபைக்குப் போய்க்கொண்டு பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசமைப்பை ஏமாற்றும் செயல் என்ற தீர்ப்புதான் வந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் இந்த ஆணையைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டிருக்கிறது.

ஒரு மரப்பெட்டிக் கடையின் விலையை சூசை தன் விசுவாசத்துக்காகக் கட்டினார். நம் வீடுகளில் ஒரு வேலையின் விலை, ஒரு தாட்கோ கடனின் விலை கட்டப்பட்டிருக்கிறது. இப்படி ஏற்கெனவே விலை கட்டியவர்களிடம்தான் சபை, "நீ ஆண்டவருக்கு என்ன கொடுத்தாய்?" என்று கேட்கிறது.

பத்தில் ஒன்று: யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது?

ஒரு காலனி விசுவாசியின் காணிக்கைப் பட்டியலை எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? மாதச் சந்தா, ஞாயிறு காணிக்கை, ஸ்தோத்திரக் காணிக்கை, பிறந்தநாள், திருமண நாள், அறுப்பின் பண்டிகை ஏலம், கட்டட நிதி, கன்வென்ஷன், பொருத்தனை. இதற்கு மேல் தசமபாகம். இப்போது தொலைக்காட்சியிலிருந்து வந்திருக்கும் புதிய சொல் 'விதை காணிக்கை'. ஆயிரம் விதைத்தால் லட்சம் அறுக்கலாம் என்கிறார்கள். கடன் தீரவில்லை என்று அழும் பெண்ணிடம், "நீ கொடுத்ததில் குறை இருக்கிறது, அதனால்தான் சாபம் நிற்கிறது" என்று சொன்னதை நாங்களே கேட்டிருக்கிறோம். வறுமைக்குச் சாதியையும் நிலமின்மையையும் காரணம் காட்ட நம் தலைவர்கள் நூறு வருடம் உழைத்தார்கள். அதை ஒரே வாக்கியத்தில் அவளுடைய பாவமாக மாற்றிவிடுகிறார்கள்.

எல்லோரும் மல்கியாவின் மூன்றாம் அதிகாரத்தில்தான் நிற்கிறார்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். லேவியராகமத்தில் தசமபாகம் எதற்குப் போடப்படுகிறது? நிலத்தின் தானியத்துக்கு, மரத்தின் கனிக்கு, ஆடு மாடுகளுக்கு. அதாவது நிலமும் மந்தையும் வைத்திருப்பவர் கொடுப்பது. கூலியில் பத்தில் ஒன்று என்ற பேச்சு அந்தப் பகுதியில் இல்லை. கூலியாளைப் பற்றி அதே புத்தகம் சொல்வது வேறு: அவன் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்துக்கொள்ளாதே என்கிறது. உபாகமத்தின் 14ஆம் அதிகாரமோ, மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை ஊருக்குள்ளேயே வைக்கச் சொல்கிறது. அதைச் சாப்பிட வேண்டியவர்கள் சொந்த நிலம் இல்லாத லேவியர், வெளியிலிருந்து வந்து தங்கியவர், அநாதை, விதவை.

சமூகவியல் படித்த கண்ணோடு பார்த்தால் இது நிலமுள்ளவரிடமிருந்து நிலமற்றவருக்குப் போகும் ஒரு பங்கீடு. அந்த ஏற்பாட்டில் நம் பாட்டிக்கு இடம் எங்கே? நிச்சயம் கொடுக்கும் வரிசையில் இல்லை. நூறு நாள் வேலைக் கூலியில் பத்தில் ஒன்றை உறையில் போட்டுவிட்டு, ரேஷன் அரிசி வரும்வரை கஞ்சி குடிக்கும் விதவை, பழைய ஏற்பாட்டின்படி அந்த உறையை வாங்கிக்கொள்ள வேண்டியவள்.

இயேசு இரண்டு காசு போட்ட விதவையைப் பாராட்டினார் என்று உடனே சொல்வார்கள். மாற்குவின் 12ஆம் அதிகாரத்தில் அந்தச் சம்பவத்துக்கு நேர் முந்தைய வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் செய்யும் வேதபாரகரை அவர் அங்கேதான் கண்டிக்கிறார். அதே சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில் 'கொர்பான்' விவகாரம் வருகிறது. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லிக் கைகழுவுவது தேவ கட்டளையையே அவமாக்குவது என்கிறார் இயேசு. அம்மாவின் குழுக் கடன் கழுத்தை நெரிக்கும்போது முதல் சம்பளம் முழுவதையும் முதற்பலன் என்று வைக்கலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு எங்கள் பதில் இந்த அதிகாரம்தான்.

எங்கள் நோட்டுப் புத்தகம்

இப்போது எங்கள் கணக்குக்கு வருகிறோம். இருவரும் சேர்ந்து மாதம் 43,000 கொண்டுவருகிறோம். வாடகை 8,000. மளிகை, காய்கறி, கேஸ், மின்சாரம், போன் எல்லாம் 11,000. பெட்ரோல், பஸ் 3,500. ஊரிலிருக்கும் பெற்றோருக்கு 5,000. அம்மா பெயரில் உள்ள கடன் தவணை 2,600. தங்கையின் பி.எட். கட்டணத்துக்காக 4,000. மருந்து 1,600. அஞ்சலகத் தொடர் வைப்பில் 3,000. மிச்சம் 4,300. பத்தில் ஒன்றை நாங்கள் விடவில்லை. எங்கே கொடுக்கிறோம் என்பதைத்தான் மாற்றினோம்.

அதில் 1,000 ஊர்ச் சபைக்குப் போகிறது. சந்தா, ஞாயிறு காணிக்கை எல்லாம் அதற்குள். 2,300 காலனிப் பிள்ளைகளின் கல்வி நிதிக்கு. 1,000 வட்டியில்லாக் கைமாற்று நிதிக்கு. 2017இல் ஆறு குடும்பங்கள் சேர்ந்து இந்த இரண்டையும் தொடங்கினோம், இப்போது பதினான்கு குடும்பங்கள். கல்லூரி கட்டணம் கேட்பது ஜூன், ஜூலையில். உதவித்தொகை கணக்கில் ஏறுவது மாதங்கள் கழித்து. இந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் படிப்பை விடுகிறார்கள், அல்லது அம்மா தண்டல்காரரிடம் போகிறார். அந்த இடைவெளியை அடைப்பதுதான் நிதியின் முதல் வேலை. கைமாற்று அதிகபட்சம் 5,000. ஆஸ்பத்திரி, சாவு, கட்டணம் என்ற மூன்று காரணத்துக்கு மட்டும்.

2024 வரை 31 பேர் கைமாற்று வாங்கினார்கள். ஐந்து பேரால் திருப்ப முடியவில்லை. மொத்தம் 17,500 நின்றது. அது எங்களுக்கு ஏழாம் வருடம். என்ன செய்வது என்று ஒரு ஞாயிறு மாலை முழுவதும் வாக்குவாதம் நடந்தது. "விட்டால் நாளைக்கு எல்லாரும் ஏமாத்துவாங்க" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை, ஐவரில் ஒருவர் குடித்தே தீர்த்தவர்தான். கடைசியில் ஒரு பெரியம்மா, "கொடுக்க முடிஞ்சவன் கொடுத்துட்டான். கொடுக்க முடியாதவன் நம்மளப் பாத்தா சந்துல திரும்பிப் போறான். அவன் நிமிந்து நடக்கட்டும்" என்றார். ஐந்து கணக்கையும் அடித்துவிட்டோம். அடுத்த மாதமே அவர்களில் ஒரு பெண் 200 ரூபாய் கொண்டுவந்து உறுப்பினராகச் சேர்ந்தார். மற்ற நால்வர் சேரவில்லை. நிதி மூழ்கவும் இல்லை.

இது எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. சபையில் சந்தா குறைந்ததற்காக எங்கள் பெயரை ஆராதனை முடிவில் பாக்கிப் பட்டியலோடு சேர்த்து வாசித்தார்கள். கமிட்டியிடம் மூன்று வருட வரவு செலவைக் கேட்டு எழுதிக் கொடுத்தோம். பதில் வரப் பதினோரு மாதம் ஆனது. வந்தபோது அதில் கட்டட நிதி மட்டும் இல்லை. ஆனால் எங்கள் ஆயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரும் ஒரு காலனியிலிருந்து வந்தவர், அவர் வீட்டிலும் தவணை ஓடுகிறது. காணிக்கை குறைந்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. சண்டையை அவரோடு போட்டு முடித்துவிட்டால் உண்மையான கணக்கு எங்கோ மேலே பத்திரமாக இருக்கும்.

அம்மாவோடு நடந்த சண்டைதான் கடினம். அவர் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கொண்டுபோனவர். எங்கள் வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் அந்தப் பானையில் கை வைத்ததில்லை. நாங்கள் உபாகமத்தையும் மாற்குவையும் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க படிச்சவங்க, கணக்குப் பாத்துக் குடுக்குறீங்க. நான் பயந்துகிட்டுக் குடுக்கல. அந்தக் கோயில் திண்ணை இல்லன்னா உங்க தாத்தா பேரு எழுதக் கத்துக்கிட்டிருப்பாரா? தெருவுல செருப்பு போட்டு நடந்திருப்பாரா? அதுக்குத்தான் குடுக்குறேன்" என்றார்.

இதற்கு எங்களிடம் பதில் இல்லை. இன்றும் அவர் எங்கள் பெயரில் ஓர் உறையில் நூறு ரூபாய் போட்டு வைக்கிறார். நாங்கள் தடுப்பதில்லை. ஒரு சமூகம் தனக்கென்று முதன்முதலாகக் கட்டிய பொது இடம் அந்தச் சபை. கொள்ளை நடக்கிறது என்பதால் அதைக் கைவிட்டுப் போவதற்கு நாங்கள் தயாரில்லை. காசு போட்டவர்களின் கையில் கணக்கும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

கொடுப்பது நமக்குப் புதிதல்ல

1956 அக்டோபரில் நாக்பூரில் தம்மம் ஏற்ற மறுநாள் உரையில் அண்ணல் அம்பேத்கர், வருமானத்தில் இருபதில் ஒரு பங்கை இந்தப் பணிக்குக் கொடுக்க வேண்டும் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். 1978இல் கான்ஷிராம் பாம்செஃப் தொடங்கியபோது, படித்து வேலைக்குப் போனவர்கள் சமூகத்துக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதே அதன் அடித்தளம். அப்போஸ்தலர் நடபடிகளின் நான்காம் அதிகாரத்தில் ஆதி சபை நிலத்தையும் வீட்டையும் விற்றுவந்த பணத்தை அவரவர் தேவைக்குத் தக்கபடி பகிர்ந்துகொண்டது. கொடுக்கும் கை எல்லா விடுதலை மரபிலும் இருக்கிறது. ஆகவே தசமபாகத்தை எதிர்க்கிறோம் என்று தோழர்கள் புரிந்துகொள்ள வேண்டாம். வந்த பணம் தேவையுள்ளவரிடம் போனதா என்ற கேள்வியைத்தான் முன்வைக்கிறோம். எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் திரட்டிய பவுல்கூட, அதை ஒருவர் கையில் கொடுத்துவிடவில்லை. யாரும் குறை சொல்ல முடியாதபடி சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களோடு சேர்த்து அனுப்பினார் என்பது இரண்டாம் கொரிந்தியரின் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. தணிக்கை கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

முதல் சம்பளம் வாங்கப்போகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நாங்கள் சொல்வது இவ்வளவுதான். முதலில் வீட்டுக் கடன்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, உண்மையான வட்டி என்ன. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசுவே கேட்டிருக்கிறார். அதிக வட்டிக் கடனை முதலில் அடையுங்கள். நுண்கடன் வாங்கும் வீட்டில் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தின் பாதியைத் தாண்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டிருக்கிறது. வீட்டு வாசலில் உட்கார்ந்து கத்தும் வசூல் ஆளிடம் அந்த விதியைப் பற்றிக் கேளுங்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நண்பனுக்காக ஜாமீன் போடும் முன் நீதிமொழிகளின் ஆறாம் அதிகாரத்தைப் படியுங்கள். மூன்று மாதச் செலவு கையில் சேரும்வரை பைக் தவணை வேண்டாம். கிறிஸ்துமஸ் புதுத்துணிக்கு வட்டிக்கு வாங்க வேண்டாம். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவர் பண்டிகைக்கு அது தேவையில்லை.

பிறகு கொடுங்கள். ஐந்து சதவீதமோ பத்தோ, மனதில் தீர்மானித்தபடி, வருத்தமில்லாமல். கொடுப்பதில் ஒரு பங்கு உங்கள் காலனியிலேயே, உங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒரு பிள்ளையின் கட்டணமாக மாறட்டும். ஆறு பேர் சேர்ந்தால் ஒரு நிதி தொடங்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம், கூட்டுக் கையெழுத்தில் ஒரு வங்கிக் கணக்கு, மாதத்துக்கு ஒரு கூட்டம் போதும். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் எங்கள் நோட்டைக் காட்டுகிறோம். அடித்துவிட்ட அந்த ஐந்து கணக்குகளும் அதில் அப்படியே இருக்கின்றன.

ஜெய்பீம்.